அளவு ஜாக்கெட்

போன ஆடி மாதத்தில் ஒரு நாள், ஒரு டீச்சருடைய பட்டு ஜாக்கெட்டை வேறொருத்தியின் அளவுக்கு வெட்டிவிட்டேன். புடவையோடு சேர்ந்து வந்த துணி. கடையில் அதே நிறத்தில் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. தையல் வேலையில் கத்தரி தவறுவது உண்டு. அது கையின் தவறு. இது அப்படியில்லை. துணியை விரித்தபோதும், சாக்பீஸால் கோடு போட்டபோதும், வெட்டியபோதும் டீச்சருக்குத்தான் வெட்டுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தோளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் அது வேறு உடம்பு என்று தெரிந்தது.

திருநாவலூரிலும் சுற்று ஊர்களிலும் என்னிடம் ஜாக்கெட் தைக்கும் பெண்கள் அறுபது பேராவது இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேரின் அளவை நான் எழுதி வைத்ததே இல்லை. மார்புச் சுற்று, இடுப்பு, கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து எல்லாம் தலையில் இருக்கும். யாருக்கு இடது தோள் இறங்கியிருக்கும், யாருக்குப் பிள்ளை பெற்ற பிறகு ஓர் இஞ்ச் கூட்ட வேண்டும், யாருக்கு ஆபரேஷன் ஆன பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும் என்பதெல்லாம் என்னோடு இருக்கும் ரகசியங்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

“வயசாவுதில்ல, அதான்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. எனக்கு ஐம்பது வயது. இந்த வயதில் எந்தப் பெண் எதை மறந்தாலும் இந்த ஒரு பதில்தான். அடுப்பில் பாலை மறந்தாலும், பேச்சின் நடுவில் ஒரு பெயர் வராமல் நின்றாலும், வயசாவுதில்ல. வீட்டு ஆண்பிள்ளை வண்டிச் சாவியை இரண்டு முறை மறந்தால் விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டுகிறோம்.

எனக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அது எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாது. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எனக்குத் தெரிந்து இருபத்தொரு வருடங்களாக. அதற்கு முன்பே எத்தனை வருடம் இருந்தது என்பது செத்துப்போன என் கணவருக்கே தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரையில் என் பெயரைப் போடவில்லை. சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஊரை மட்டும் மாற்றவில்லை. ஊரும் என்னுடையதுதான்.

என் கணவர் லாரி ஓட்டினார். 2003-இல் இறந்தார். அவருக்கு நோய் முற்றிய பிறகுதான் என்ன நோய் என்று எங்களுக்குத் தெரிந்தது. மருந்து இருந்தது. ஆனால் விலைக்கு. என் தாலிச் சங்கிலி, கம்மல், கடைசியில் தையல் மிஷின் என்று ஒவ்வொன்றாகப் போயின. அவருக்கு வாங்கிய மாத்திரையில் எனக்கும் பங்கு உண்டு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. எனக்குப் பரிசோதனை செய்ததே அவர் இறந்த பிறகுதான்.

அவர் இறந்த மறு வருடம், 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி, அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியத்தில் கொடுத்தார்கள். எனக்குச் செய்தி வந்து சேர ஒரு வருடம் ஆனது. கைக்குழந்தையாக இருந்த மகளை யாரிடமாவது விட வேண்டும், விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து ரயில், கையில் காசு வேண்டும், எங்கே போகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு பொய் வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது என் சி.டி.4 எண்ணிக்கை 86. 200-க்குக் கீழே போனவர்களுக்குத்தான் மாத்திரை என்பது அன்றைய விதி. நான் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தேன்.

இந்த 86 என்ற எண்ணை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி. உடம்புக்குள் வந்த கொஞ்ச நாளிலேயே மூளைக்கும் போய்விடுகிறது. நரம்புச் செல்களை அது நேராகத் தாக்குவதில்லை. அவற்றைச் சுற்றியிருக்கும் காவல் செல்களில் தங்கி, ஓயாத ஒரு சிறு அழற்சியை உண்டாக்குகிறது. மாத்திரை போட்டு வைரஸ் அடங்கிய பிறகும் சிலருக்கு அந்தச் சேதத்தின் மிச்சம் இருக்கிறது. அப்படி மிச்சம் இருக்க யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்தவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று, சி.டி.4 ஒரு காலத்தில் எவ்வளவு கீழே இறங்கியது என்பது. இன்று என் எண்ணிக்கை 600-க்கு மேல். வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் 2005-இன் அந்த 86 என்னோடுதான் இருக்கிறது.

மருத்துவக் குறிப்பில் அது வெறும் எண். அந்த எண்ணை அவ்வளவு கீழே கொண்டுபோனது வைரஸ் மட்டுமா? வீட்டில் முதலில் யாருக்கு மருந்து, யாருக்குப் பஸ் காசு, யார் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற வரிசையும் சேர்ந்துதான். என் வயதுள்ள பெண்கள் எத்தனையோ பேர் இப்படிக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவர்கள். இன்று சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் தொற்று உறுதியான உடனே மாத்திரை கொடுக்கிறார்கள். 2017-இலிருந்து அதுதான் விதி. இப்போது மருந்து தொடங்கும் பெண்ணுக்கு என் கதை வராது என்று நினைக்கும்போது நிம்மதியாக இருக்கிறது.

கணவர் இறந்து மூன்றாம் மாதம் அவர் பங்கு நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். என் கொழுந்தனார் ஒரு வார்த்தை சொன்னார்: “கிருமி அதுக்கு மூளைக்கு ஏறிடுச்சு. அது பேசறத எடுத்துக்காதீங்க.” நான் அன்றைக்குப் பேசியது ஒரே விஷயம்தான், என் மகளுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தேன். அண்ணன் ஒரு பழைய மிஷின் வாங்கிக் கொடுத்தார்.

எச்.ஐ.வி. உள்ள பெண்ணைக் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளக் கூடாது என்று இன்று சட்டம் இருக்கிறது. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. எனக்குப் பதினைந்து வருடம் தாமதம். இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. ‘மூளைக்கு ஏறிடுச்சு’ என்ற சொல்லுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். அதனால்தான் அந்த ஜாக்கெட்டை வெட்டிய அன்று, துணி போனதைவிட அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. அன்றைக்குப் பொய்யாகச் சொன்னது இன்றைக்கு உண்மையாகிவிட்டதோ?

என் அண்ணன் மகள் சென்னையில் உளவியல் படிக்கிறாள். மேற்படிப்பு. என் நோய் தெரிந்த மூன்று பேரில் அவள் ஒருத்தி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆவணி மாத விடுமுறைக்கு வந்தவளிடம் ஜாக்கெட் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தாள். என் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைப் பார்த்துச் சிரித்தாள். “நீயும் டேப்பு வச்சித்தான் அளக்கற, நானும் டேப்பு வச்சித்தான் அளக்கறேன் அத்த.”

படிப்புக்காக அவள் பழகிக்கொண்டிருந்த சோதனை அது. ஞாபகம், கவனம், வேகம் இவற்றைக் கம்ப்யூட்டர் மூலம் அளப்பது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் லேசான மறதியைக் கண்டுபிடிக்கப் பல நாடுகளில் இப்படிப்பட்ட சோதனைகளை வைத்துப் பார்க்கிறார்கள் என்றாள். “இது டாக்டர் பண்ற சோதனை இல்ல. நான் இன்னும் கத்துக்கிற ஆளு. பழகிப் பாக்கறதுக்குத்தான். சரியா?” என்று இரண்டு முறை கேட்டாள். சரி என்றேன்.

“அத்த, சீட்டுக்கட்டு தெரியுமில்ல?”

“ஏண்டி, நான் என்ன கோயில் திண்ணையில உக்காந்து சீட்டாடற ஆம்பளையா?”

ஆனால் சோதனை சீட்டுக்கட்டில்தான் இருந்தது. கவிழ்ந்த சீட்டு ஒன்று திரையில் தெரியும். அது திரும்பிய உடனே தொட வேண்டும். அது முதல் பகுதி. அடுத்ததில் திரும்பிய சீட்டு சிவப்பா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் வலது பக்கம், இல்லை என்றால் இடது. மூன்றாவதில் இந்தச் சீட்டும் இதற்கு முன்னால் வந்த சீட்டும் ஒன்றா என்று கேட்கும். நான்காவதில் இந்தச் சீட்டை இந்த ஆட்டத்தில் முன்பே பார்த்தாயா என்று கேட்கும். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது. எழுத்து, எண், படிப்பு எதுவும் வேண்டாம், சீட்டு உலகத்துக்கே பொது என்று நினைத்துத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றாள்.

உலகத்துக்குப் பொது! எங்கள் தெருவில் சீட்டு என்றால் அது ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஆடுவது. சம்பளத்தை விட்டுவிட்டு வருவது. நான் அதுவரை ஒரு சீட்டைக் கையில் பிடித்ததில்லை. ஆட்டீனும் டைமண்டும் சிவப்பு என்று தெரியும், ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் காண எண்ணிப் பார்த்தேன். நான் எண்ணும் நேரத்தை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. இன்னொன்று, ஊசி குத்திக் காய்த்துப்போன என் விரல்நுனி அந்தக் கண்ணாடியில் ஒவ்வொரு தடவையும் பதியவில்லை. இரண்டாம் முறை அழுத்த வேண்டியிருந்தது. அதையும் என் மூளையின் தாமதம் என்றே அது எழுதிக்கொண்டது.

முடிந்ததும் அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது. “நாலுல ரெண்டு எடத்துல கீழ காட்டுது அத்த. வேகத்துலயும், மூணாவதுலயும். ஞாபகம் நல்லா இருக்கு.”

“யாரோட வச்சிப் பாத்துக் கீழ?” என்று கேட்டேன்.

தையல்காரிக்குத் தோன்றும் முதல் கேள்வி அதுதான். கடையில் விற்கும் ரெடிமேட் ஜாக்கெட்டுக்கு 34, 36, 38 என்று அளவு இருக்கும். யாரோ ஓர் உடம்பை நினைத்து வெட்டியது. அது பொருந்தாவிட்டால் உடம்பில் குறை என்று நாங்கள் சொல்வதில்லை. அதனால்தான் ‘அளவு ஜாக்கெட் கொண்டாங்க’ என்கிறோம். அவளுக்கு நன்றாகப் பொருந்திய அவளுடைய பழைய ஜாக்கெட் ஒன்று. அதை வைத்து வெட்டினால் தப்பு வராது.

அவளிடம் உடனே பதில் இல்லை. சென்னைக்குப் போனபின் தேடிப் படித்து, பல நாள் இரவு போனில் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

எச்.ஐ.வி.யால் வரும் மூளைக் கோளாறை டாக்டர்கள் 2007-இல் மூன்று படியாகப் பிரித்தார்கள். வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது, சோதனையில் மட்டும் தெரியும் என்பது முதல் படி. அன்றாட வேலையில் லேசாகத் தெரிவது இரண்டாம் படி. வேலையே செய்ய முடியாமல் போவது மூன்றாவது. 2010-இல் அமெரிக்காவில் 1,555 பேரைச் சோதித்து ஓர் ஆய்வு வந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு, 52 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு குறை இருப்பதாகச் சொன்னது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முதல் படியில்தான் இருந்தார்கள். மொத்தப் பேரில் மூன்றாம் படிக்குப் போனவர்கள் 2 சதவீதம்தான். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

மறு வருடமே சுவீடன் டாக்டர் மாக்னுஸ் கிஸ்லெனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த அளவுகோலை நோயே இல்லாதவர்கள்மேல் வைத்தாலும் ஐந்தில் ஒருவருக்குக் குறை என்று வந்துவிடுமே? பல சோதனைகள் வைத்தால் எவரும் ஒன்றிரண்டில் கீழே போவார்கள்தானே? இந்த வாதம் வெகுநாள் நடந்து, 2023-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். சோதனையில் மதிப்பெண் குறைந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லக் கூடாது, அந்த ஆளின் வாழ்க்கையையும் மற்ற காரணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். என் மருமகள் இதைச் சொன்னபோது எனக்குக் கொழுந்தனார் ஞாபகம் வந்தார்.

நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு 2006-இல் வந்தது. பெங்களூரு நிமான்ஸில் 119 பேரை வைத்துச் செய்தது 2007-இல் வந்தது. இந்தியாவில் பரவியிருப்பது வைரஸின் ‘சி’ வகை, அது மூளையை அவ்வளவாகத் தொடாது என்று ஒரு நம்பிக்கை இருந்த காலம் அது. கடுமையான மறதிநோய் இங்கே குறைவாகக் காணப்பட்டது உண்மைதான். ஆனால் லேசான குறை பலருக்கு இருப்பதை இந்த ஆய்வுகள் காட்டின. ஆக, எல்லாம் பிரமை என்றும் தள்ளிவிட முடியாது.

அவள் சொன்னதில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது ஒன்று. இந்த நோயில் வரும் மறதியில் பெரும்பாலும் சேர்த்து வைத்தது அழிந்துபோவதில்லை. தேடி எடுக்க நேரமாகிறது. யாராவது ஒரு துப்புக் கொடுத்தால் வந்துவிடும். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும்போதுதான் தடுமாறும். யோசித்துப் பார்த்தேன். அந்த ஜாக்கெட்டை வெட்டிய அன்று அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் போனில் அவள் மாமியாரைப் பற்றி அழுதுகொண்டிருந்தாள். மளிகைக்காரர் பாக்கி கேட்டு வாசலில் நின்றார். கம்ப்யூட்டர் சோதனையை அமைதியான அறையில், ஒருவரும் குறுக்கிடாமல் செய்ய வேண்டுமாம். எனக்கு அந்த மாதிரி ஓர் அறை கிடைத்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

ஒரு பெண்ணின் தலையில் என்னென்ன இருக்கிறது என்று எந்தச் சோதனை கேட்கிறது? அறுபது பேரின் உடம்பளவு. இருபது வருடமாக இரவு ஒன்பது மணி மாத்திரை. அந்த மாத்திரையை விருந்தாளி முன்னால் எப்படி மறைத்துப் போடுவது என்ற யோசனை. யாரிடம் என்ன பொய் சொன்னோம் என்ற கணக்கு. மாதா மாதம் எங்கே போகிறேன் என்பதற்கு அண்ணிக்கு ஒரு காரணம், சம்பந்தி வீட்டுக்கு வேறொரு காரணம். இந்தக் கணக்கில் ஒரு நாள்கூட நான் தவறியதில்லை. இதற்கு மதிப்பெண் இருந்தால் எனக்கு முழு மதிப்பெண்.

ஆனாலும் அந்த டேப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் இருந்தால் நியாயமாகாது. இந்த இருபத்தொரு வருடத்தில் என்னை எத்தனையோ பேர் சோதித்திருக்கிறார்கள். ஊசி குத்தும் முன்னால் ‘எப்படி வந்தது’ என்ற பார்வை ஒன்று வரும். புருஷன் என்ன வேலை, அவர் போன பிறகு எப்படி இருக்கிறாய் என்று கேள்வி வரும். டேப் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு திரும்பிவிட்டதா என்று மட்டும்தான் கேட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது அளக்கும், ஆறு மாதம் கழித்து அதே மாதிரி மறுபடி அளக்கும், சலித்துக்கொள்ளாது. அதனால் அதற்கு ஒரு வேலை செய்ய முடியும். என்னை இன்னொருத்தியோடு ஒப்பிடாமல், போன வருடத்து என்னோடு ஒப்பிட முடியும். அது சீட்டுக்கட்டாக இருக்க வேண்டியதில்லை. பூவாக இருக்கட்டும், கோலமாக இருக்கட்டும். தொடுவதற்கு முன்னால் பழக ஒரு நாள் கொடுக்கட்டும்.

வேறொருத்தியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் என்னைப் போன்றவளோடு ஒப்பிடட்டும். அது முடியாத காரியம் இல்லை. நிமான்ஸ் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் வயது, ஆண் பெண், படிப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது, பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் அளவு எடுத்திருக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அதைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்களைப் போன்றவர்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

இந்த நாட்டில் எச்.ஐ.வி.யின் கதையே பெண்களைச் சோதித்ததில்தான் தொடங்கியது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவர் மாணவி டாக்டர் நிர்மலா, காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு பேருக்கு இருந்தது. அந்த இரண்டு டாக்டர்கள் இல்லாவிட்டால் நோய் இங்கே இருப்பதை உணரவே இன்னும் பல வருடம் ஆகியிருக்கும். அவர்களை வணங்குகிறேன். அந்த ஆறு பெண்களையும் நினைக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்பது நாம் படிக்கும் கதையில் வருவதில்லை. சோதனை என்றாலே முடிவு யார் கைக்குப் போகிறது என்று நான் கேட்பது அதனால்தான்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1998-இல், நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யாவும் அவரைப் போன்ற சிலரும் சேர்ந்து எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். கல்யாணத்தின் வழியாக நோய் வந்தவர் அவர். தன் பெயரையும் முகத்தையும் வெளியே சொன்னவர். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் என்னைப் பற்றிய பரிசோதனையில் நான் கேள்வி கேட்கலாம் என்பதை அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போனபோது கேட்டேன். வரிசை நீளமாக இருந்தது. “வைரல் லோடு இல்லியேம்மா, அப்புறம் என்ன?” என்றார் அங்கிருந்த ஒருவர். விடாமல் டாக்டரிடம் போனேன். மறதி வந்தால் முதலில் மாத்திரையைத்தானே மறப்பேன், மாத்திரையை மறந்தால் வைரஸ் திரும்பி வருமே என்று கேட்டேன். அந்த டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தூக்கம் எப்படி, தீட்டு நின்றுவிட்டதா, மனசு சரியில்லையா, பழைய மாத்திரை போட்டபோது கெட்ட கனவு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. ரத்தசோகை இருந்தாலே கவனம் சிதறும், யோசனை மந்தமாகும், தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் அப்படித்தான், அவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.

மூன்று மாதம் சாப்பிட்டேன். தை மாதம் மருமகள் வந்தபோது மறுபடி டேப்பைக் கேட்டு வாங்கினேன். வேகம் கூடியிருந்தது. மூன்றாவது பகுதி மட்டும் இன்னும் கீழேதான். இரும்புச்சத்தால் கூடியதா, சீட்டு பழகிவிட்டதால் கூடியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மூன்றாவது பகுதியில் நிற்பது வைரஸின் பழைய சேதமா, ஐம்பது வயதா, என் வாழ்க்கையா என்பதும் தெரியவில்லை. தெரியாது என்று அவள் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

“இத ஒரு தாள்ல எழுதிக் குடுக்கட்டுமா அத்த? டாக்டர்கிட்ட காட்டலாம்.”

சட்டென்று வேண்டாம் என்றேன். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன்.

எங்கள் ஊர் சுந்தரர் பிறந்த ஊர். கல்யாணப் பந்தலில் அவர் உட்கார்ந்திருந்தபோது ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்றாராம். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். அது நகல், மூலம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கூட்டிப்போனார் கிழவர். சபை ஓலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. வந்தவர் சிவன் என்பதால் கதை நன்றாக முடிந்தது. சின்ன வயதில் கோயிலில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் பந்தலில் விட்டுவிட்டு வந்த அந்தப் புத்தூர்ப் பெண்ணைத்தான் நான் நினைப்பேன். சடங்கவி சிவாச்சாரியாரின் மகள். அப்பா பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. யாரோ எழுதிய ஓலை ஒன்று சபையில் படிக்கப்பட்டது, அவள் வாழ்க்கை அதோடு முடிந்தது. அவளை யாரும் சபைக்குக் கூப்பிடவில்லை.

தாளில் எழுதியது சபைக்கு வரும் என்று எனக்குப் பயம். ‘மூளைத்திறன் குறைவு’ என்று அச்சடித்த தாள் என் சம்பந்தி வீட்டில் கிடைத்தால் என்ன ஆகும்? நாளைக்கு என் மிஷினையும் இந்த அறையையும் மகளுக்கு எழுதிவைக்க நான் போனால், ‘சுயநினைவோடு எழுதவில்லை’ என்று ஒருவர் சொல்ல அந்தத் தாள் போதாதா? எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மறதிச் சோதனையின் முடிவும் அதே மாதிரி பூட்டி வைக்கப்பட வேண்டியதுதான். மேலே ஏ.ஆர்.டி. மையத்தின் பெயர் இருந்தால் அந்த ஒரு தாள் இரண்டு ரகசியத்தையும் சேர்த்து உடைத்துவிடும்.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்னோடு மாத்திரை வாங்கும் பெண்கள் இப்போது ஐம்பதைத் தாண்டுகிறார்கள். நாங்கள் இத்தனை நாள் இருப்போம் என்று 2005-இல் யாரும் நினைக்கவில்லை. நாங்கள் கிழவிகளாவோம் என்று யாரும் திட்டம் போடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை சி.டி.4 பார்த்தது போல, வைரல் லோடு பார்ப்பது போல, எங்கள் ஞாபகத்தையும் பார்க்கட்டும். எங்களுக்குத் தெரிந்த பொருள்களை வைத்துப் பார்க்கட்டும். எங்களைப் போன்றவர்களோடும், எங்களோடும் ஒப்பிடட்டும். ரத்தசோகையையும் மனச்சோர்வையும் முதலில் பார்க்கட்டும். முடிவை எங்களிடம், எங்கள் மொழியில், தனியாகச் சொல்லட்டும். வயசாவுதில்ல என்று மட்டும் சொல்லாமல் இருக்கட்டும்.

மருமகள் கடைசியில் ஒரு தாளில் எழுதித்தான் கொடுத்தாள். பெயர் போடாமல், தேதி, நான்கு எண்கள், அவ்வளவுதான். அதை மாத்திரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆடியில் மறுபடி பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த டீச்சருக்கு வெட்டிப்போன துணியில் பட்டை வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் புதுத்துணியோடு வந்து நின்றார். “அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களா டீச்சர்?” என்று கேட்டேன். “என் அளவுதான் உங்களுக்கு மனப்பாடமாச்சே” என்றார். ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு, “இப்பல்லாம் எழுதித்தான் வைக்கிறேன்” என்று சொல்லி நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். அவர் எதிரிலேயே இஞ்ச் டேப்பை வைத்து அளந்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, “கையெழுத்து நல்லா இருக்கே” என்றார்.